சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன்

மே மாதம், மாலை ஐந்து மணி. விடைத்தாள் திருத்தும் முகாமிலிருந்து நேராகக் கடற்கரைச் சாலைக்கு வந்து, காந்தி சிலைக்குத் தெற்கே, இன்னும் சூடு இறங்காத கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். மேற்கே உள்ள கட்டடங்களின் நிழல் சாலையைத் தாண்டிப் பாறைகள்மேல் விழத் தொடங்கியிருந்தது. கையில் மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்ப் பத்தை.

நாற்பது நிமிடத்தில் மூன்று பேர் வந்தார்கள். முதலில் நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர். “யாருக்காச்சும் வெயிட் பண்றீங்களாம்மா?” அடுத்து ரோந்து வந்த பெண் காவலர். “தனியாவா மேடம் வந்திருக்கீங்க?” கடைசியில் என்னிடம் படித்த பையன் ஒருவன், வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஓடி வந்தான். “என்ன மிஸ், ஏதாவது பிரச்சினையா?”

மூவருமே நல்லவர்கள், அக்கறையில் கேட்டவர்கள். மூவரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். “சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்.” மூவரும் நம்பவில்லை. என்னிடமிருந்து பத்தடி தள்ளி அதே சுவரில் ஓர் ஆண், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை யாரும் எழுப்பி, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

இந்த ஊரில் ஒரு பெண் வெளியே இருப்பதற்குக் காரணம் வேண்டும். குழந்தையை விளையாட அழைத்து வந்திருக்கலாம், கணவரோடு வந்திருக்கலாம், நாயை நடத்தலாம், சாமியோடு வரலாம். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிற பெண்களைப் பாருங்கள். இடுப்பளவு தண்ணீரில் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். சாமி வந்ததால் கிடைத்த கடல் அது. மறுநாள் அதே பெண் அதே தண்ணீரில் நின்றால் ஊர் வேறு மாதிரி பார்க்கும். எங்கள் தெருவில் பல பெண்களுக்குச் சர்க்கரை வியாதி வந்த பிறகுதான் கடற்கரையே கிடைத்தது. தினமும் நாற்பத்தைந்து நிமிடம் நடக்கச் சொல்லி மருத்துவர் சீட்டு எழுதினார். மாத்திரையோடு சேர்த்து எழுதி வாங்கிய காற்று. அதிலும் நடக்க வேண்டும், வேகமாக, கையை வீசி, வியர்க்க வியர்க்க. நடுவில் உட்கார்ந்துவிட்டால் மருந்து வேலை செய்யாது போலிருக்கிறது.

மும்பையை முன்வைத்து ஷில்பா பாட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் ‘ஒய் லாய்ட்டர்’ என்று ஒரு நூல் எழுதினார்கள். பொது இடத்தில் வேலையின்றித் திரிவதும் ஓர் உரிமை, அதில் உள்ள அபாயத்தை ஏற்பதும் உரிமை என்பது அவர்கள் வாதம். 2003இல் பெங்களூரில் ஜஸ்மீன் பதேஜா தொடங்கிய ‘பிளாங்க் நாய்ஸ்’ அமைப்பு, பெண்களைப் பூங்காக்களுக்கு அழைத்துப்போய்த் தூங்கச் சொன்னது. தூங்குவதுதான் போராட்டம். முதன்முதலில் கேள்விப்பட்டபோது சிரித்தேன். அன்று அந்தச் சுவரில் துண்டு போர்த்திய மனிதரைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

பதினாறு ஆண்டுகளாக அகப்பாடல்கள் நடத்துகிறேன். நெய்தல் நிலத்துப் பெண்கள் ஓரை ஆடுவார்கள், மணலில் வண்டற்பாவை செய்வார்கள், அலவன் ஆட்டுவார்கள். அலவன் என்றால் நண்டு. போன ஆண்டு முதல் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். “நண்டைத் துரத்தி விளையாடறதா மிஸ்? விட்டாங்களா?” அந்த ‘விட்டாங்களா’வுக்கு உரையாசிரியர் எவரும் உரை எழுதவில்லை. விட்டார்கள், ஒரு பருவம்வரை. குறிஞ்சிப் பெண் தினைப்புனம் காக்கக் கிளி ஓட்டிக்கொண்டு பரண்மேல் நின்றாள். அது வேலை, ஆகவே விட்டார்கள். பிறகு அலர் எழுந்தது, தாய் வீட்டுக்குள் வைத்தாள். அதற்கு இலக்கணத்தில் பெயர்கூட இருக்கிறது: இற்செறிப்பு. மூன்று மதிப்பெண் வினாவாகப் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு அது நடந்தபோது அதன் பெயர் தெரியாது.

எனக்கு அது பாகூரில் நடந்தது. முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே அம்மா எங்களை ஆயா வீட்டில் கொண்டுபோய் விடுவாள். அண்ணன் நுங்குக் கூந்தலில் வண்டி செய்து ஓட்டுவான், நான் பின்னால் ஓடுவேன். வறுத்த மல்லாட்டை, உப்பு தொட்ட வெள்ளரிப்பிஞ்சு, மோட்டார் கொட்டகைத் தொட்டியில் குழாய்த் தண்ணீர் முதுகில் வந்து அறைவது. வேனல் கட்டி வரும். ஆயா மஞ்சள் அரைத்துப் பற்றுப் போடுவாள். வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர். உள்ளங்காலில் ஏறிய கருவேல முள்ளை ஊக்கால் நெம்பி எடுப்பாள். மாமரத்தில் முசுடு கடித்துத் தொடை தடித்துவிடும். அந்தக் காயங்களைப் பள்ளி திறந்ததும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். கோடையில் ஒன்றும் ஆகாமல் வந்தவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அண்ணனுக்கு முதுகில் காலி டின்னைக் கட்டிக் கிணற்றில் தூக்கிப் போட்டார் மாமா. இரண்டு நாள் தண்ணீர் குடித்தான், மூன்றாம் நாள் நீந்தினான். நான் வரப்பில் உட்கார்ந்து அவன் சட்டையைப் பார்த்துக்கொண்டேன். அடுத்த கோடையில் வயதுக்கு வந்திருந்தேன். தொட்டியும் நின்றது. மாமரம் நின்றது. “வெயில்ல சுத்துனா கறுத்துடுவ, அப்புறம் எவன்டி கட்டிப்பான்?” சொன்னது ஆயா. எழுபது வயதுவரை மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்தவள். அவள் கறுப்பை ஊர் பார்த்ததே இல்லை போல.

இந்தக் ‘கறுத்துடுவ’ சாதாரண வார்த்தை இல்லை. 1975இல் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’, பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுக்க 2020 ஆகிவிட்டது. நம்முடையதோ, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வெள்ளையர் நகரம் அந்தப் பக்கம் கருப்பர் நகரம் என்று பிரெஞ்சுக்காரன் கோடு போட்டுப் போன ஊர். ‘ஒயிட் டவுன்’ என்று சொல்லித்தான் இன்றும் சுற்றுலாப் பயணிகளைக் கூப்பிடுகிறோம். மே மாதத்தில் ஸ்கூட்டி ஓட்டும் என் மாணவிகள் முழங்கைவரை கையுறை போட்டு, துப்பட்டாவால் தலையையும் முகத்தையும் சுற்றிக்கொள்கிறார்கள். கண் மட்டும் தெரியும். வெயிலுக்காகவா, நிறத்துக்காகவா, தெரிந்தவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவா என்று கேட்டேன். “மூணுக்கும்தான் மிஸ்.” வெயில் கொட்டுகிற இந்த ஊரில் அவர்களில் பாதிப் பேர் வைட்டமின் டி மாத்திரை விழுங்குகிறார்கள்.

ஆனால் எல்லாப் பெண்களையும் வெயிலிலிருந்து காப்பாற்ற யாரும் முயல்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குபேர் அங்காடிக்கு மீன்கூடையோடு வரும் குருசுக்குப்பத்து அக்காவிடமோ, கடற்கரைச் சாலையில் நாம் போட்டுப்போன சுண்டல் காகிதத்தைக் கூட்டுகிற தூய்மைப் பணியாளரிடமோ, பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை வெளியே போகாதே, கறுத்துவிடுவாய் என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் வெளியே இருக்கலாம், வேலை செய்தால். அவர்களும் அதே சுவரில் கால் நீட்டி உட்கார்ந்தால்தான் விரட்டுவார்கள். ஒரு பெண்ணை வெயிலுக்கு அனுப்புவதும் இன்னொருத்தியை நிழலில் பூட்டுவதும் ஒரே சாதிக் கணக்கு. பேராசிரியைக்குக் கடற்கரைச் சுவர் கிடைத்தால் போதும் என்று நான் எழுதினால் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போடுங்கள்.

உட்காருவதற்கே சட்டம் போட வேண்டியிருந்த நாடு இது. கோழிக்கோட்டில் விஜியும் ‘பெண்கூட்டு’ அமைப்பும் போராடியதால் 2018இல் கேரளம் கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் செய்தது. அந்தப் போராட்டம் தொடங்கியது நாற்காலிக்காக அல்ல, கழிப்பறைக்காக. அதை நான் மறப்பதே இல்லை, ஏனென்றால் நம் கோடையின் உண்மையான அபாயம் அங்கேதான் இருக்கிறது. சாயங்காலம் கடற்கரைக்குப் போகலாம் என்று காலையில் பேசி வைத்தால் என் தோழி ஒருத்தி மதியம் இரண்டு மணியோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். 40 டிகிரி வெயிலில். அவள் மட்டுமா? நீங்களும் செய்திருப்பீர்கள், நானும் செய்கிறேன். பிறகு நீர்க்கடுப்பு, மருந்து, “நிறையத் தண்ணி குடிக்கணும்மா” என்ற அறிவுரை. ஆணுக்கு ஊர் முழுக்கச் சுவர் இருக்கிறது.

இதே ஊரில் ஒரு பெண் தண்ணீருக்காக என்ன செய்தாள் என்பதற்கு நட்டநடுவே நினைவுச்சின்னம் நிற்கிறது. பாரதி பூங்காவின் ஆயி மண்டபம். கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது விளக்கொளியில் ஒரு மாளிகையைக் கோயிலென்று நினைத்துக் கும்பிட்டார். அது தாசி ஆயியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்க உத்தரவிட்டார். நானே இடிக்கிறேன் என்று அனுமதி வாங்கி, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் ஆயி என்பது கதை. பின்னால் பிரெஞ்சு அரசு முத்தரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் பெயரில் மண்டபம் எழுந்தது. இன்று புதுச்சேரி அரசின் சின்னமே அதுதான். ஒவ்வொரு அரசாணையின் தலையிலும் ஆயி இருக்கிறாள்.

தியாகம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். எனக்கு இப்போது அந்தக் கதை வேறு மாதிரி கேட்கிறது. தப்பாகக் கும்பிட்டது அரசர். இடிந்தது அவள் வீடு. கும்பிட்ட கைக்கு ஒரு தண்டனையும் இல்லை. மதிய வேளையில் அந்தப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள். மரத்தடிப் புல்லில் வரிசையாக ஆண்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஆயியின் ஊரில் ஒரு பெண் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை.

ஆபத்து இருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்பவர்களுக்கு வருகிறேன். இருக்கிறது. 2024 மார்ச்சில் இந்த நகரத்தில் விளையாடப் போன ஒரு குழந்தை திரும்பி வரவில்லை. அந்த வாரம் ஊரே தெருவுக்கு வந்தது. அடுத்த வாரம் என்ன நடந்தது? பெண் குழந்தைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம். அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடியவர்கள் எல்லாரும் பையன்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் ஒன்றையே சொல்கிறது: பாலியல் வன்முறை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டுக்காரர், நண்பர். கதவைச் சாத்தும்போது யாரை வெளியே விட்டுச் சாத்துகிறோம், யாரோடு உள்ளே வைத்துச் சாத்துகிறோம் என்று யோசித்தோமா? மறுபடியும் இடிந்தது அவள் வீடுதான்.

கடலுக்கு வாருங்கள். நான் சிறுமியாக இருந்தபோது, 1980களின் கடைசியில், அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகத்துக்காகத் தடுப்புச்சுவர்கள் கட்டினார்கள். மணல் வடக்கே நகர வழியில்லாமல் நகரத்துக் கடற்கரையை அலை தின்றது, பாறைகளைக் கொட்டினார்கள். என் மாணவிகளின் தலைமுறைக்குக் கடல் என்றால் பாறைதான். 2018 வாக்கில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் திட்டு அமைத்த பிறகு கொஞ்சம் மணல் திரும்பியது. மணலோடு நண்டுகளும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய் எண்ணிப் பாருங்கள்: அலைக்குள் எத்தனை பெண்கள், கரையில் எத்தனை பெண்கள். கரையில் நிற்பவர்களின் கையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். கணவனின் செல்போன், பர்ஸ், மகனின் சட்டை, நான்கு ஜோடி செருப்பு. புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கி, அலை வந்தால் பின்வாங்கி, செருப்புக் காவல் நிற்கிறார்கள். பாகூர் வரப்பில் நான் நின்ற அதே காவல்.

அலை இழுத்துவிடும், சொறிமீன் பட்டால் தடித்துவிடும், பாறை வழுக்கும் என்பதெல்லாம் உண்மை. இழுத்துச் செல்லப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், ஆண்கள். அதற்காக ஆண்பிள்ளைகள் கடற்கரைக்கு வரக் கூடாது என்று எந்தக் கல்லூரியும் சுற்றறிக்கை விட்டதாக எனக்குத் தெரியாது. எச்சரிக்கைப் பலகை வைக்கிறோம், நீச்சல் கற்றுக்கொள் என்கிறோம். பெண்ணுக்கு மட்டும், வராதே.

‘வராதே’ என்பதன் விலையை ஒருமுறை கடலே கணக்குப் பார்த்தது. 2004 டிசம்பர் 26. நமக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்றுத் தள்ளியுள்ள கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146 என்று ஆக்ஸ்ஃபாம் அமைப்பின் 2005ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்தது. ஆண்கள் பலர் படகில் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே அலை எழும்பவில்லை. பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள். இலங்கையிலும் ஆண்கள் பலர் தப்பியதற்கு நீந்தத் தெரிந்ததும் மரமேறத் தெரிந்ததும் காரணங்கள் என்று அதே அறிக்கை சொன்னது. அந்தச் சுவர் போன்ற அலையில் நீச்சல் எல்லாரையும் காப்பாற்றியிருக்காது, தெரியும். ஆனால் மரமேறினால் சிராய்க்கும், கிணற்றில் குதித்தால் மூக்கில் தண்ணீர் ஏறும், பாவாடையை மடித்துக் கட்டினால் தொடை தெரியும் என்று சின்னச் சின்ன ஆபத்துகளிலிருந்து காப்பாற்றிக் காப்பாற்றி, ஒரு பெரிய ஆபத்தின் முன்னால் ஓடவும் ஏறவும் மிதக்கவும் தெரியாத உடம்புகளாக எங்களை நிறுத்தினீர்கள். அதைப் பாதுகாப்பு என்று இனிமேல் என் முன்னால் சொல்லாதீர்கள்.

பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்தே பெண் குழந்தைகளுக்கு நீச்சல் பாடம் வேண்டும். கடற்கரைச் சாலையின் இரண்டு முனையிலும் நடுவிலும் இரவு முழுக்கத் திறந்திருக்கிற, தாழ்ப்பாள் உள்ள, காசு கேட்காத கழிப்பறை வேண்டும். சாலையைக் கூட்டுகிற பெண்ணும் அதையே பயன்படுத்த வேண்டும். நகராட்சிக்கு இரண்டு முறை எழுதிப் போட்டாயிற்று, மூன்றாவது மனுவில் இதுவரை முப்பத்தொரு கையெழுத்து.

நான் என் பங்குக்கு நாற்பத்து நான்காவது வயதில் நீச்சல் கற்கிறேன். அண்ணன் மகள்தான் வாத்தியார், கல்லூரி முதலாண்டு படிக்கிறாள், பொறுமை கிடையாது. “அத்தை, தண்ணிய அடிக்காத, அது உன்ன ஒண்ணும் பண்ணல” என்று கத்துகிறாள். பத்தடி மிதக்கிறேன். போன மாதம் கடலில் கால் நனைக்கப் போய்ச் சொறிமீன் கணுக்காலில் பட்டுவிட்டது. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த பாட்டி, “தேய்க்காத, கடல் தண்ணியே ஊத்து” என்றார். ஊற்றினேன். இரண்டு நாள் எரிந்தது. மூன்றாம் நாள் வகுப்பில் கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

இப்போது சனிக்கிழமைகளில் நாங்கள் ஆறேழு பேர் அந்தச் சுவரில் உட்காருகிறோம். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இருவர், ஒரு செவிலி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, என் மாணவிகள் யாராவது. கூட்டம் இல்லை, உறுதிமொழி இல்லை. நடக்கக் கூடாது என்பது மட்டும் விதி. தலைமையாசிரியை முதல் வாரமே துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார், குறட்டைகூட விட்டார். அந்தப் பெண் காவலர் இப்போதெல்லாம் எதுவும் கேட்பதில்லை. ஒருநாள் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு ஐந்து நிமிடம் எங்களோடு உட்கார்ந்தார்.

வருவதென்றால் காந்தி சிலைக்குத் தெற்கே வாருங்கள். சுவர் ஆறு மணிவரை சுடும், ஒரு துண்டு எடுத்து வாருங்கள். தண்ணீர் குடித்துவிட்டே வாருங்கள். அவசரத்துக்கு எந்தெந்தக் கடையில் கேட்டால் விடுவார்கள் என்ற பட்டியல் எங்களிடம் இருக்கிறது. மாங்காய் வாங்கினால் மிளகாய்த்தூளைத் தனியாகப் பொட்டலம் கட்டித் தரச் சொல்லுங்கள். செவிலிக்கு வயிற்றுப்புண்.